“செங்கல்பட்டுல எங்க?” என்று கேட்டவர்களிடம்

என் ஸ்டெல்லாக்காவுக்கு,

உன் பெயரை இன்று கூட்டத்தில் சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். கேட்கிறாயா?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் அவர்களுக்காகக் கொஞ்சம். நீ செங்கல்பட்டில் மனநல வார்டு நர்ஸ். நான் பொத்தேரியில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகர். உளப்பகுப்பாய்வு கற்க ஒரே பயிற்சி மையத்தில் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் மின்ரயிலில் சென்னைக்குப் போனோம். ஒருவர் மனசில் வருவதையெல்லாம் தடையின்றிப் பேச, இன்னொருவர் தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிற வேலை அது. அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் நம்மையும் கேட்பார்கள் என்று நம்பித்தானே போனோம் அக்கா?

தேர்ச்சி பெற, நீ ஒருவரோடு செய்த வேலையைக் குழுவின் முன் விவரிக்க வேண்டியிருந்தது. உன்னிடம் பேச வந்த அம்மா சொன்னதை அவர் பேச்சிலேயே சொன்னாய்: “நெஞ்சு மேல யாரோ குந்திகினு கீறாங்க.” இரண்டு பேர் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னால்தான் ஆழம் வரும் என்றார் மையத்தின் தலைவர்.

“இன்னா சார், அழுவறதுக்கும் இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணுமா?” என்று கேட்டாய்.

அதன்பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. உனக்கு எந்த ஊர் என்றார். செங்கல்பட்டு என்றாய். “செங்கல்பட்டுல எங்க?”

எதற்காகக் கேட்கிறார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “காலனி” என்றாய், அறை முழுக்கக் கேட்கும்படி.

உனக்குக் கோபம் அதிகம், பக்குவம் போதாது என்று தேர்ச்சியைத் தள்ளிவைத்தார்கள். மறுமுறை அழைப்பு வருவதற்குள் நீ போய்விட்டாய். உன் மாரடைப்புக்கு அவர்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ தகுதியில்லாமல் செத்தாய் என்று எவரையும் சொல்ல விடவும் மாட்டேன்.

இன்று மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் மையத்தின் ஆண்டுக் கூட்டம். தேர்ச்சிக்காக என் வேலையை விவரிக்கும் முறை வந்தது. தமிழில் தொடங்கினேன்.

“இங்கிலீஷ்ல சொல்லிடுங்களேன். வெளி மாநில மெம்பர்ஸ் இருக்காங்க” என்றார் தலைவர்.

மாட்டேன் என்றேன். பின்வரிசையிலிருந்து நந்தினி எழுந்தாள். “அவங்களுக்கு நான் பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ்ல சொல்றேன் சார்.” நமக்கு முன்பே தேர்ச்சி பெற்றவள். உன்னைப் பார்த்துச் சிரித்த இருவரில் ஒருத்தி. அவளை மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை.

பேசி முடித்ததும் கோரிக்கைகளை வைத்தேன். பயிற்சியும் தேர்வும் தமிழிலும் நடக்கட்டும். நேர்காணலில் யாருடைய தெருவையும் சாதியையும் துருவக் கூடாது. பாகுபாடு என்று புகார் வந்தால் வெளியாட்கள் விசாரிக்கட்டும்.

“மனசுக்கு ஏதும்மா சாதி?” என்றார் தலைவர்.

“அப்போ ஸ்டெல்லாக்காவ செங்கல்பட்டுல எங்கன்னு எதுக்கு சார் கேட்டீங்க?”

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, “இந்தக் கோபம் உண்மையில யார் மேலன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பா மேலயா இருக்கலாம்” என்றார். கற்றுக்கொடுத்ததை வைத்தே நம் வாயை அடைக்கிறார்கள் அக்கா!

“எங்கப்பா மேல கோவம் இருந்தா அத்த நான் அவராண்ட பேசிக்கிறேன் சார். இது உங்க மேல.”

முதல் இரண்டு கோரிக்கைகளும் வாக்கெடுப்பில் நிறைவேறின. மூன்றாவது தோற்றது. என் தேர்ச்சியையும் ஒத்திவைத்துவிட்டார்கள். வெளியே வந்து மணலில் நின்றபோது பயமாகத்தான் இருந்தது. விலகிவிடு, தனியாகத் தொடங்கு என்கிறார்கள் சிலர். ஏன் விலக வேண்டும்? அது என்ன அவர்கள் பாட்டன் சொத்தா?

கிளம்பும்போது ஒரு போன். சதுரங்கப்பட்டினம் குப்பத்துப் பெண், பள்ளி ஆசிரியை. பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசையாம். “அங்க நம்மள மாதிரி ஆளுங்கள சேத்துப்பாங்களாக்கா?”

“சேத்துக்க மாட்டேன்னு சொல்றதுக்கு அவங்க யாரு? நீ வா. நான் கீறேன்.”

உனக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். தோற்ற கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் மறுபடி வைப்பேன். அங்கும் தோற்றால் அதற்கடுத்ததிலும். என்னை அவர்கள் ஒத்திவைக்கலாம், துரத்த முடியாது.

பயந்தாலும் இடம்விட்டு நகராத
உன் தங்கச்சி,
தமிழரசி