பஞ்சு என்று சொன்னோம்

திருப்பாலைக்குடி
12-2-1961

அன்புள்ள மாப்பிள்ளை கூத்தையாவுக்கு,

ரப்புடைய கிருபையால் நஃபீசாவும் பிள்ளைகளும் சுகம். என் மூச்சுதான் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நஷ்டஈடு கிடையாது என்று பம்பாயிலிருந்து பதில் வந்துவிட்டது. கொதிகலன் குழாய்க்குப் பஞ்சு சுற்றிச் சுற்றி வந்த நோய் என்று மனுவில் சொல்லியிருந்தேன். கப்பல் பட்டறையில் ஏது பஞ்சு, நீ நூல் மில்லில் இருந்திருப்பாய் என்கிறார்கள். நஃபீசா சிரிக்கிறாள், எனக்கு வயிறு எரிகிறது. நம் தலையெல்லாம் வெள்ளையாக்கியதே, அது பஞ்சு இல்லையென்றால் வேறென்ன? நீ அங்கனதானே இருக்கிறாய், விசாரித்து எழுது.

உன் மாமன்
மஹ்மூது

பம்பாய்
3-3-1961

மாமாவுக்குச் சலாம்.

நீங்கள் கேட்டதிலிருந்து எனக்கும் மண்டை குடைகிறது. பட்டறைச் சாக்கிலிருந்து அந்தப் பஞ்சில் ஒரு பிடி எடுத்து அடுப்பில் போட்டேன். எரியவே இல்லை. யூனியன் ஆபீசில் இருக்கும் தமிழ்க் குமாஸ்தாவிடம் காட்டினேன். "இது செடியில காய்க்கிறதில்லப்பா, மலையில வெட்டுறது. கல்நார்" என்றார். கல்லில் நார் இருக்குமா மாமா? மெத்தென்று இருக்கிறதே என்று நாம் பஞ்சு என்றோம், மனு எழுதியவர் அதைப் பருத்தியாக்கிவிட்டார்.

புது மனுப் போடலாமாம். கூட வேலை செய்த ஒருவன் சாட்சி சொல்ல வேண்டும். மேஸ்திரி அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டான், வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்கிறான். முதுகுளத்தூரில் என் பெண்டாட்டி ராக்கு என் மணியார்டரை நம்பித்தான் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

கூத்தையா

திருப்பாலைக்குடி
20-3-1961

மாப்பிள்ளை,

ராமநாதபுரத்து டாக்டரிடம் போனேன். கல்நார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராதாம். இத்தனை நாள் அவரிடமும் பஞ்சு பஞ்சு என்றே சொல்லியிருக்கிறேன், பார். பிறகு, "உங்க கூட வேலை பாத்தவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நஃபீசா பாய் முடைகிறாள், கஞ்சிக்குக் குறைவில்லை. நீ போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார். இருமல் இருக்கிறதா? மறைக்காமல் எழுது. பயமாக இருக்கிறது, ஏலே.

மஹ்மூது

பம்பாய்
9-4-1961

மாமா,

இருமல் இருக்கிறது. ராக்குவுக்கு எழுதிவிடாதீர்கள். படம் எடுத்தார்கள். அதே நோய்தான், உங்கள் அளவுக்கு முற்றவில்லையாம். வெளியே வந்து டீ குடித்தேன்.

அன்றைக்கே போய் உங்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டேன். மறுநாள் மேஸ்திரி என்னை நிறுத்திவிட்டான், போகட்டும். குமாஸ்தா புது மனுவில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார். "அதுக்குக் கீழ இன்னொரு பேரு இருக்குய்யா, எழுதுங்க" என்றேன்.

உங்கள் மாப்பிள்ளை
கூத்தையா