சூரமங்கலத்தில் சிரித்தவர்கள்

நாமக்கல்
9-1-1984

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

மயில்சாமி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று வருஷமாக உன் அண்ணன் சின்னுசாமியிடம் கேட்டுக் கேட்டுப் போன வாரம்தான் உன் விலாசம் வாங்கினேன். நீயும் நம் மகள் வசந்தாமணி சாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அவர் சொன்னார். அது போதும் எனக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் படம் எடுத்துவிட்டார்கள்! சினிமா இல்லை. சினிமாவுக்கு முன்னால் அணைக்கட்டு, வெள்ளச் சேதம் எல்லாம் காட்டுவார்களே, அந்த மாதிரி. டாக்குமெண்டரி என்று பேர். மெட்ராஸிலிருந்து உமையாள் என்று ஒரு பெண் வந்து, போன பங்குனி, சித்திரை முழுக்க என் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. பட்டறையில் நான் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பது, நோம்பி, திருவிழா என்று கோயில்களில் நாடகம் தொடங்கும் முன் பபூன் வேஷத்தில் தனியாளாக நின்று ஒரு மணி நேரம் பேசுவது, எல்லாம் அதில் இருக்கிறது. பச்சைப் பேச்சைக்கூட வெட்டவில்லை.

நேற்று நம் மாரியம்மன் கோயில் முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினார்கள். அடேயப்பா, என்ன கூட்டம்! நான் திரையில் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கிறார்கள். கறிக்கடை ஆத்தாயி எழுந்து நின்று, "ஏப்பா மயிலு, நேர்ல பாத்தா கருவாடாட்ட இருக்கற, இதுல என்னப்பா பளபளன்னு இருக்கற!" என்று கத்தினாள். நாற்பது நிமிஷத்தில் படம் முடிந்து விளக்கைப் போட்டால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "செரி செரி, இப்ப மெயின் படத்தப் போடுங்க" என்கிறார்கள். உமையாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது.

இதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படலாம் என்று யோசித்தேன். உன் முகம்தான் வந்தது.

இப்படிக்கு,
மயில்சாமி


அஸ்தம்பட்டி, சேலம்
20-1-1984

வசந்தாமணியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஒரு டாக்டரம்மா கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை எனக்கு. வசந்தாமணி ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கில் கெட்டி. உயரம் உங்களைப் போல.

உங்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு ஆசை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் "ஓவர்லோடு" இருக்கிறதா? தெரியாதவர் மாதிரி முழிக்க வேண்டாம். "எங்கூட்டு வண்டி சௌந்திரம் ஓவர்லோடுங்க. மேட்டுல ஏறாது, பள்ளத்துல நிக்காது, கட்டில்ல ஏறுனா நாலு காலும் பஞ்சருங்க!" என் அண்ணன் ஊர் நோம்பியில் நீங்கள் அதைச் சொன்னபோது கூட்டம் மண்ணில் புரண்டு சிரித்தது. நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் அண்ணியோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதல் குழாயடியில் எனக்கு அதுதான் பேர். பொறுத்தேன். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குக் "குட்டி லோடு" என்று பேர் வைத்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன்.

இருக்கிறதா, இல்லையா?

சௌந்திரம்


நாமக்கல்
14-2-1984

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

மெட்ராஸ் போய் வந்தேன்! அங்கே ஒரு சின்ன அரங்கத்தில் படம் போட்டார்கள். மொத்தமே ஐம்பது பேர். எல்லாரும் படித்தவர்கள். விளக்கை அணைத்தார்கள், படம் ஓடுகிறது, நான் திரையில் உயிரைக் கொடுத்துப் பேசுகிறேன், ஒரு சிரிப்பு இல்லை சௌந்திரம்! பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் தலையை ஆட்டி ஆட்டி நோட்டில் எழுதுகிறார். எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. பின் வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் "களுக்" என்றார்கள். உடனே யாரோ செருமினார்கள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

படம் முடிந்ததும் நோட்டுக்காரர் எழுந்தார். "உங்கள் நகைச்சுவையில் ஓர் எதிர்ப்புக் குரல் ஒலிக்கிறது. யாரை எதிர்க்கிறீர்கள்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? "எதிர்ப்பெல்லாம் எங்கூட்டுலதானுங்க" என்றேன். அப்போதுதான் கொல்லென்று சிரித்தார்கள். விடுவேனா! பதினைந்து நிமிஷம் நின்றபடியே பேசினேன். செருமினவர்தான் கடைசியில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நீ கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. உமையாளுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் எல்லா நோம்பியிலும் ஜனங்கள் புரளுகிறார்கள். நான் என்ன செய்ய?

வசந்தாமணி என் உயரம் என்றாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

மயில்சாமி


அஸ்தம்பட்டி
27-2-1984

வசந்தாமணியின் அப்பாவுக்கு,

மாடி வீட்டு அங்காளம்மாள் அக்கா நேற்று ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. சூரமங்கலத்தில் ரயில்வேக்காரர்கள் மன்றத்தில் மார்ச் பதினெட்டாம் தேதி, ஞாயிறு மாலை உங்கள் படம். "பபூன் படமாம், வாடி, வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு வரலாம்" என்கிறாள். அது என் வீட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியாது.

உமையாளிடம் சொல்லி அந்த ஒரு வரியை வெட்டச் சொல்லுங்கள். வரியை வெட்ட முடியாவிட்டால் என் பேரையாவது வெட்டுங்கள். இந்த ஊரில் என்னை எல்லாரும் "கிளினிக்கு அக்கா" என்கிறார்கள். அந்தப் பேரை நானே சம்பாதித்தேன்.

சௌந்திரம்


நாமக்கல்
8-3-1984

சௌந்திரத்துக்கு,

உமையாளுக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினேன். பாவம், அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டது. ஆனால் இருப்பது ஒரே பிரிண்டாம். பேரை வெட்டினால் முன்னும் பின்னும் பேச்சு அறுந்துபோகுமாம்.

எனக்கு அன்றைக்கு மோகனூர்ப் பக்கம் நோம்பி. முன்பே வாக்குக் கொடுத்துவிட்டேன். உமையாள் மட்டும்தான் சேலம் வருகிறது. நான் உன்னிடம் கேட்பது இதுதான்: நீ போகாதே. அந்த வரிக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் நான் இன்னொன்றும் பேசியிருக்கிறேன். எழுதக் கை வரவில்லை.

மயில்சாமி


அஸ்தம்பட்டி
19-3-1984

வசந்தாமணியின் அப்பாவுக்கு,

போகாதே என்று எழுதினால் போகாமல் இருப்பேனா?

நேற்று மன்றம் நிறைந்து வழிந்தது. முந்நூறு பேராவது இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். முதல் பச்சைப் பேச்சு வந்ததும் எங்கள் பக்கத்தில் இரண்டு டீச்சர்கள் விருட்டென்று எழுந்து போனார்கள். வாசலில் நின்றுகொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார்கள்! அங்காளம்மாள் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். ஒரு பெரியவர் "கருமம், கருமம்" என்று சொல்லிச் சொல்லியே சிரித்தார். நானும் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன். ரேஷன் கடை மண்ணெண்ணெய்ப் பேச்சுக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் கெட்டிக்காரர்தான்.

அப்புறம் ஓவர்லோடு வந்தது. மன்றமே இடிந்து விழும் போலச் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் தாங்கிவிட்டேன். அடுத்து உமையாள் உங்களைக் கேட்கிறது: "இதெல்லாம் உங்க மனைவி கேட்டிருக்காங்களா?" நீங்கள் பெயிண்ட் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொல்கிறீர்கள்: "அவளுக்கு இதுன்னா உசுருங்க. நானும் அவளும் ஊட்டுல ஒக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பமுங்க."

எந்த ஊட்டில்? நான் போய் இரண்டு வருஷம் கழித்து எடுத்த படம் அது.

விளக்கைப் போட்டார்கள். உமையாள் மேடை ஏறியது. கல்லூரிப் பெண் ஒருத்தி, "அந்த மனைவி இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். "அவங்களை நான் கடைசி வரைக்கும் பார்க்கவே முடியலை" என்றது உமையாள்.

நான் எழுந்து நின்றேன்.

"நாந்தானுங்க அது" என்றேன். முந்நூறு தலைகளும் திரும்பின. "அவரு சொன்னது பொய்யுங்க. நான் ஒரு நாளும் அதுக்குச் சிரிச்சதில்லீங்க. எம் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல அந்தப் பேர வெச்சு, அவ அழுது, நாங்க ஊர உட்டே வந்துட்டமுங்க."

அங்காளம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் ஆண்கள் பக்கம் கடைசியிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஓவர்லோடு!" பத்துப் பேர் சிரித்தார்கள்.

அவன் பக்கம் திரும்பினேன். "வண்டி நல்ல வண்டிதானுங்க தம்பி. எந்த மேடானாலும் ஏறும்" என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். "ஓட்டறவருக்குத்தான் சாவி போடறதுக்குள்ள தூக்கம் வந்துருது!"

மாமா, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! பெண்கள் பக்கம் பெஞ்சைத் தட்டுகிறார்கள். வாசலில் நின்ற டீச்சர்கள் இரண்டு பேரும் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். கருமம் என்றவருக்குப் புரை ஏறியது. அக்கா விசில் அடித்தாள், சத்தியமாக! கத்தினவன் குனிந்துகொண்டு வெளியே போனான்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை.

சௌந்திரம்


நாமக்கல்
10-4-1984

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் வரும் முன்பே உன் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து பாடி கட்ட வந்த லாரி டிரைவர் ஒருவன் பட்டறை வாசலில் இறங்கியதுமே அதைச் சொன்னான். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. அடி சக்கை என்று தொடையைத் தட்டினேன். "எந்த மேடானாலும் ஏறும்" என்று சொல்லி நிறுத்தினாயாமே, அந்த நிறுத்தம்! இருபது வருஷமாக மேடை ஏறுகிற எனக்கு அது பாதி நாள்தான் வரும்.

அன்று சாயங்காலத்துக்குள் எனக்குச் "சாவி" என்று பேர் வைத்துவிட்டார்கள். "என்ன சாவி, டீ சாப்புடறயா?" பட்டறைப் பையன்கள் என் சைக்கிள் மட்கார்டில் சாவி படம் வரைந்துவிட்டார்கள். ரேஷன் கடையில் பொம்பளைகள் என்னைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் சுற்று வழியில் பட்டறைக்குப் போனேன்.

போன வெள்ளிக்கிழமை பரமத்தியில் நோம்பி. பவுடர் பூசி, தொப்பி வைத்து மைக் முன்னால் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் "சாவி!" என்றான். ஆயிரம் பேர் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்புகூட நான் சம்பாதித்தது இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை சௌந்திரம். ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்க்கிறார். எத்தனை நேரம் அப்படி நின்றேனோ.

அப்புறம், "ஏனுங்க, அந்த ஓவர்லோடு பேச்சு நான் கட்டிச் சொன்னதுங்க. எம் பொண்டாட்டி அதுக்குச் சிரிச்சதே இல்லீங்க. இனி அதச் சொல்ல மாட்டனுங்க" என்றேன். "அதத்தான் கேக்க வந்தோம், சொல்றா!" என்று கத்தினார்கள். சொல்லவில்லை. அன்றைக்குப் பேச்சு எடுபடவில்லை. நோம்பிக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

படத்தில் அப்படிச் சொன்னது ஏன் என்றால், நீ போய்விட்டாய் என்று ஒரு கேமராவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

எனக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. அதுவே தெருவில் நடக்க முடியவில்லை. நம் சாமிக்கு அந்தப் பேர் வைத்தபோது எத்தனையாவது படித்தாள்? ஆறாவதா? எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள்? நான் அன்றைக்கு அதைக் கேட்கக்கூட இல்லை. இப்போது கேட்கிறேன்.

மயில்சாமி


அஸ்தம்பட்டி
16-4-1984

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறாவது. பதினேழு நாள்.

உங்கள் கடிதத்தை வசந்தாமணியிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். பரமத்தியில் நீங்கள் பேச்சு வராமல் நின்ற இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்பாகிட்ட எனக்குச் சொல்றதுக்கு நெறைய இருக்குதும்மா" என்றாள்.

நான் நாமக்கல்லுக்குத் திரும்பி வரவில்லை. அதை எதிர்பார்க்க வேண்டாம். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இந்த ஊரும் பிடித்திருக்கிறது. சூரமங்கலம் மன்றத்துப் பெண்கள் சித்திரையில் ஒரு நாள் மேடை போடுகிறார்களாம், கிளினிக்கு அக்கா கட்டாயம் பேச வேண்டும் என்று தினமும் ஆள் அனுப்புகிறார்கள். என்ன பேசலாம் என்று நானும் அங்காளம்மாள் அக்காவும் யோசித்து யோசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். அஸ்தம்பட்டி நிறுத்தத்தில் இறங்கினால் வசந்தாமணி நிற்பாள். அடையாளம் தெரியாவிட்டால் கூட்டத்தில் உயரமான பெண்ணைப் பாருங்கள். மத்தியானம் எங்களோடு சாப்பிடலாம்.

ஆனால் ஒன்று. அன்றைக்குப் பேசப்போவது நானும் அவளும். நீங்கள்தான் கூட்டம்.

சௌந்திரம்