கதவு திறக்குமுன் முடிந்த மண்ணெண்ணெய்

என் அன்பு மச்சாளுக்கு,

மோட்சத்தில் கரண்ட் இருக்கிறதா? இங்கே இன்னும் இல்லை. அண்ணை சுகம். உம்முடைய மகள் ஜெசிந்தா உம்மைப் போலவே கதைக்கிறாள். எனக்கு வாய் திறக்க இடமில்லை. எனக்கு அது வேண்டியதுதான். ஏன் என்று கேளும்.

மரியதாஸ் வீட்டு ஜெனரேற்றரில் நாம் பேய்ப்படம் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? ஜெனரேற்றரை ஓட்ட வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய், அதுதான் ரிக்கற். யன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் குருநகரே உள்ளே இருந்து வியர்த்தது. படத்திலோ ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் பூட்டிய கதவைப் பார்த்தாள். தேத்தண்ணி ஊற்றினாள். மறுபடி கதவைப் பார்த்தாள்.

"என்னடா மரியதாஸ், பேய் இன்னும் முகம் கழுவேல்லையோ?" என்று கத்தினேன்.

"வாயை மூடும் மச்சாள், அவள் கைப்பிடியைத் தொடப்போறாள்!" என்று என் தொடையைக் கிள்ளினீர்.

தொட்டாள். கைப்பிடி திரும்பியது. படம் நின்றது. ஆற அமர நடந்துவந்த பேய்க்கு எங்கள் போத்தல் மண்ணெண்ணெய் போதவில்லை.

"உந்தக் கதவுக்குப் பின்னாலை என்ன எண்டு பாக்காமல் நான் சாகமாட்டன்" என்றீர். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு கருவாடு காயவைக்கும்போதெல்லாம் அந்தக் கதவைத்தான் திறந்தோம். ஒரு நாள் கழுத்தில்லாத கிழவன் என்பீர். மறுநாள் உம்முடைய மாமியார் என்பீர், அவ என் அம்மா என்றும் பாராமல்! குண்டுக்குப் பயந்து ஒளிந்த பங்கருக்குள்ளும் அதே கதை. விமானம் கொண்டுவரும் பயம் நம்மைக் கேட்டா வருகிறது? படத்துப் பயம் நடந்து வந்தது. கிள்ளவும் சிரிக்கவும் நேரம் தந்தது. அதனால்தானே அது இனித்தது?

போன மாரியில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோயிற்று. கதவு பூட்டியே கிடந்தது.

சென்ற கிழமை மரியதாஸ் அதே படத்தைப் போட்டான். "மாமி, நானும் வாறன்" என்ற ஜெசிந்தாவைத் தட்டிக்கழித்துவிட்டு, போத்தலைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டு கள்ளியைப்போலப் போனேன். கைப்பிடி திரும்பியபோது என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். கதவு திறந்தது. சனம் அலறியது. எனக்கு அழுகைதான் வந்தது. அங்கே நின்றது உம்முடைய பேய்களின் கால்தூசிக்கும் காணாது. நம் இருவருக்கும் முடியாமல் கிடந்த ஒன்றே ஒன்று, மச்சாள். அதையும் நான் தனியாக முடித்துவிட்டேனே.

திரும்பி வந்தால் ஜெசிந்தா வாசலில்.

"மாமி, அம்மா சொன்ன கதவுக்குப் பின்னாலை என்ன?"

ஊர்ச் செய்தி எதுவும் என் வயிற்றில் தங்காது என்பது உமக்குத் தெரியும்.

"மண்ணெண்ணெய் முடிஞ்சுபோச்சு பிள்ளை. கொம்மா என்ன சொன்னவா?"

அவள் கண் விரிந்தது. "கழுத்தில்லாத கிழவன், மாமி…" என்று தொடங்கினாள். உம்முடைய குரல்.

ஜெசிந்தா இதைப் படித்துவிட்டு வந்து பிடித்தாலும் அங்கே நின்றது என்ன என்று சொல்லமாட்டேன். மோட்சத்துக்கு வந்தபிறகு நீர் கிள்ளிக் கேட்டாலும் சொல்லமாட்டேன். கருவாடு காயவைக்கும்போது உம்முடைய மகளோடு மட்டும் அந்தக் கதவைத் திறப்பேன்.

கிள்ளுவாரில்லாத தொடையோடு,
உம்முடைய வாய்க்காரி மச்சாள்