ரொட்டி ஏணி

பொத்தோசி,
அக்டோபர் கடைசி வாரம்.

வில்மரின் அப்பாவுக்கு,

பாசிலியா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் அப்படியே தொடங்கிவிட்டேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கடல் காற்றில் மூச்சு தானாக வந்து போகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இங்கே எங்களுக்கு எதுவும் தானாக வருவதில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீங்கள் இருமத் தொடங்குவீர்கள், நான் அழத் தொடங்குவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். பக்கத்து வீட்டு எமெத்தேரியாவின் மருமகன் லாரியை எடுத்துக்கொண்டு உங்கள் துறைமுகத்துக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். பையன் வாயாடி, இல்லாததையும் பொல்லாததையும் சொல்லுவான். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் இந்தக் கடிதத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

வில்மரின் மேல் மலை சரிந்த பிறகு வருகிற மூன்றாவது கல்லறைத் திருநாள் இது. கல்லறையே இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் திருநாள். மூன்று வருடம்தான் மேசை போட்டுப் படைத்துக் கூப்பிடலாம், அதற்குப் பிறகு ஆத்துமா விடைபெற்றுப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் அவனை எடுத்து ஒரு குழியில் வைத்து, தலைமாட்டில் ஒரு பெயர் எழுதிவிட வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரலில் தெமேத்ரியோ நம் வீட்டுக்கு வந்து சொன்னதை அப்போதே எழுதியிருந்தேன். அவனுடைய ஆட்கள் வெட்டுகிற தாது நரம்பு வில்மர் கிடக்கும் பக்கமாகத்தான் ஓடுகிறதாம். "சும்மா பிணத்தைத் தேடித் தோண்டச் சொன்னா எவனும் வரமாட்டான், தோன்யா பாசி. ஆனா நரம்பு அந்தப் பக்கம்தான் போவுது. வெட்டிக்கிட்டே போனா ஒரு நாள் அவன்கிட்டேயே போய் நிப்போம்" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சூடாக ஊதாச் சோளத்தில் காய்ச்சிய அப்பிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்தான். அன்றிலிருந்து என் நாக்கில் நரம்பு, நரம்பு என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

ஆகஸ்ட் வந்தது, அன்னை பூமிக்குப் படைத்து முடித்தோம், செப்டம்பரும் போனது. எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தரம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சுரங்க வாயிலில் நின்று கெஞ்சினேன். "பொம்பளை உள்ளே வந்தா மலைக்குப் பொறாமை வந்துடும், நரம்பை ஒளிச்சு வெச்சுக்கும். தெரிஞ்சும் கேக்குறீங்களே" என்றார்கள். அப்போதுதான் என் கண் எதிரே தலையில் விளக்கு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு நாலு வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்தபடி உள்ளே போனார்கள். இவர்கள் யாராம் என்று கேட்டேன். வாயிற்காவலன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவங்க பொம்பளைங்க இல்லம்மா, அவங்க டூரிஸ்ட்டு" என்றான்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துக் கோபப்படாதீர்கள். கோபப்பட்டால் உங்களுக்கு மூச்சு வாங்கும்.

எமெத்தேரியாவின் மகள் விடுதியில் படுக்கை விரிக்கிறாளே, அவளிடம் போனேன். யாரோ ஒருத்தி விட்டுப்போன கால்சட்டையும் சிவப்பு மழைச் சட்டையும் கொடுத்தாள். பாவாடை இல்லாமல் தெருவில் நடக்கக் கால் கூசியது. பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டேன். ஊர் கேட்டால் அர்ஜென்டினா, ஹுஹுய் என்று சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தேன். அங்கே நம்மைப் போலத்தானே முகம். புகையிலை பறிக்கப் போன காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசி உங்களைச் சிரிக்க வைப்பேனே, அது கைகொடுத்தது.

இப்படியாக, விடுதியிலிருந்து கிளம்பிய பயணிகள் கூட்டத்தோடு சேர்ந்து, நான் பிறந்த ஊரையே பயணியாகச் சுற்றிப் பார்த்தேன். நாணயசாலையையும் கோயில் வாசலையும் காட்டி வழிகாட்டிப் பையன் ரோனால் கதை கதையாகச் சொன்னான். நம் ஊருக்கு இவ்வளவு பெருமை இருந்ததா என்று நானே வாயைப் பிளந்து கேட்டேன். சுரங்க ஆட்களுக்குக் கொடுக்கப் பரிசு வாங்கலாம் என்று சந்தையில் இறக்கிவிட்டான். நமக்குக் காலமெல்லாம் கோக்கா இலை விற்ற அதே நிக்கோலாசா, என் முகத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் மூன்று மடங்கு விலை சொன்னாள். வாய் வரைக்கும் வந்த வசவை விழுங்கிக்கொண்டு கொடுத்தேன். அவளை அப்புறம் ஒரு நாள் கவனித்துக்கொள்கிறேன்.

மலையேறும் போது மற்றவர்களுக்கெல்லாம் நாக்குத் தள்ளியது. புவெனோஸ் ஐரஸிலிருந்து வந்த புதுமணத் தம்பதி பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் என்னிடம், "ஹுஹுய்லயும் இவ்ளோ உசரமா இருக்குமா? உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையே" என்று கேட்டாள். பாவம், நல்ல பெண். நானும் மூச்சு வாங்குவது போல் கொஞ்சம் நடித்தேன்.

உள்ளே ஒரே ஈரம். மேலே முட்டுக் கொடுத்த மரமெல்லாம் வளைந்து கிடக்கிறது. இதில்தானே நீங்கள் இருபது வருடம் போய் வந்தீர்கள், இதில்தானே நம் பிள்ளையையும் அனுப்பினோம் என்று நினைத்தபோது என் கால் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

சுரங்கத்தை ஆளுகிற சுரங்க மாமா சிலையாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்தோம். கொம்பும் கண்ணாடிக் கண்ணுமாக, வாயில் சிகரெட்டோடு அப்படியேதான் இருக்கிறார். ரோனால் ஏதோ கேலிக்கதை சொல்ல, எல்லோரும் சிரித்துப் படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு பிடி இலையை வாரி அவர் மடியில் எறிந்தார்கள். என் முறை வந்தது. நான் எறியவில்லை. எறிய எப்படி மனம் வரும்? கிழியாத இலையாகப் பார்த்துப் பொறுக்கி, இரண்டு கையாலும் ஏந்தி வைத்தேன். சந்தையில் வாங்கிய சாராயத்தைத் தரைக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று நம் பாஷையில் வாய் தானாக முணுமுணுத்துவிட்டது. கால்சட்டையும் சிவப்புச் சட்டையும் போட்டு மறைத்ததெல்லாம் அதோடு போயிற்று.

ரோனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து, "அத்தை, நீங்க வில்மரோட அம்மாதானே? அவன்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன் நான். சத்தம் காட்டாம என் பின்னாடி வாங்க" என்றான். குனிந்து, சில இடத்தில் தவழ்ந்து போனோம். ஒரு இடத்தில் விளக்கைக் காட்டி, "இதான் நரம்பு" என்றான். கறுப்பாக மினுமினுவென்று என் உள்ளங்கை அகலத்துக்கு ஓடியது. அதன் முனையில் கல். "இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான். ஒரு வீட்டு நீளம்கூட இருக்காது அத்தை."

ஒரு வீட்டு நீளம். நம் வீட்டு அடுப்படியிலிருந்து அவன் படுக்கை வரைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தூரத்திலிருந்து எத்தனை தரம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பேன். கல்லில் கையை வைத்தேன். இங்கே வெளியே குளிர் எலும்பைத் துளைக்கிறது, உள்ளே அந்தக் கல் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குத் தாங்கவில்லை, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

உளிச் சத்தம் நின்றது. தெமேத்ரியோவும் அவன் ஆட்களும் பக்கத்துக் குடைவிலிருந்து வந்தார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை. தெமேத்ரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தோன்யா பாசி, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், வெளியே போயிடுங்க" என்றான். வெளியே வந்தேன். புதுமணப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வண்டி எங்களைத் திரும்பவும் நாணயசாலை வாசலில் இறக்கிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் நரம்பு ஒடுங்கத் தொடங்கியதாம். உள்ளங்கை அகலம் விரல் அகலமானது, பிறகு நகக்கீறல், பிறகு ஒன்றுமில்லை. வாயிலில் லாமா ஆட்டை வெட்டி இரத்தம் தெளித்தார்கள். மாமாவுக்குப் புதுச் சிகரெட், புது மாலை எல்லாம் போட்டார்கள். வெறும் கல்தான் வந்தது. அவர்கள் இப்போது மலையின் மறுபக்கம் போய்விட்டார்கள். வெட்டிய கழிவுக் கல்லையெல்லாம் அந்தக் குடைவில்தான் கொட்டி அடைக்கிறார்கள். இனி அங்கே யாரும் போகப் போவதில்லை.

தெமேத்ரியோ வந்து சொல்லிவிட்டுத்தான் போனான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கஞ்சி ஊற்றினேன், தொடவில்லை. "உங்க மேல குத்தம் சொல்ல வரல. நீங்களும் பெத்தவங்க. ஆனா வெறுங்கல்லை உடைச்சா எங்க வீட்டு அடுப்பு எரியுமா, நீங்களே சொல்லுங்க" என்றான். கஞ்சி ஆறிப்போயிற்று. அவன் போன பிறகு அதை நாய்க்கு ஊற்றினேன்.

ரோனால் ஞாயிற்றுக்கிழமை வந்தான். "நரம்பு எங்கேயாவது முடியத்தானே அத்தை செய்யும். மலை முழுக்க சல்லடையா இருக்கு. நீங்க உள்ளே போகலைன்னாலும் முடிஞ்சிருக்கும்" என்றான். அவன் படித்தவன், பயணிகளோடு நாலு பாஷை பேசுகிறான். பகலில் அவன் சொல்வது சரி என்றுதான் படுகிறது. சந்தைக்குப் போனால் பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள், அப்போது சரி என்று படவில்லை. இருபது வருடம் உள்ளே போய் வந்தவர் நீங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். இப்போது கேட்கப் பயமாக இருக்கிறது. பதில் எழுதும்போது இந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுங்கள்.

திருநாளுக்கு இங்கே வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். போன தரம் பாதி வழியில் உதடு நீலமாகிப் பேருந்திலிருந்து உங்களை இறக்கியது மறந்துவிட்டதா? மலை ஒருவனை எடுத்தது போதும். நானும் அங்கே வந்துவிடுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அவனை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். எடுக்கவும் முடியாது, இப்படியே விட்டுவிட்டு இறங்கவும் என்னால் முடியாது. நீங்கள் ஏற முடியாது, நான் இறங்க முடியாது. நம் கல்யாணம் இப்படியா ஆக வேண்டும்?

மேசைக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். அவனுக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பு, சோளப் பானம், முகம் வைத்த ரொட்டிப் பொம்மை. ரொட்டி ஏணிக்கு மாவு கொடுக்கப் போனபோது நீளமாகச் செய்யச் சொன்னேன். அடுப்பில் வைக்கிற அளவுக்குத்தான் செய்ய முடியும் என்று ரொட்டிக்காரர் சிடுசிடுத்தார். "எல்லார் வீட்டு ஆத்துமாவும் வானத்துலேர்ந்து இறங்கி வருது, அதுக்கு இது போதாதா?" என்றார். என் பிள்ளை கீழேயிருந்து ஏறி வர வேண்டும் என்றேன். இரண்டு துண்டாகச் சுட்டு நடுவில் சர்க்கரைப் பாகு வைத்து ஒட்டித் தருகிறாராம்.

நீங்களும் நவம்பர் முதல் தேதி நடுப்பகலில் உங்கள் அறையில் ஒரு துணி விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ரொட்டியும் வையுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். நான் சுரங்கத்துக்குள் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்து, இங்கே வராமல் போனாலும் போவான். அவனுக்கு உங்களிடம்தான் ஒட்டுதல் அதிகம். அங்கே வந்தான் என்றால், தண்ணீர் குறைந்திருந்தால், அம்மாவிடம் ஏன் போகவில்லை என்று அவனைக் கேட்காதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இரவில் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், மார்பில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்னை பூமியும் ஆண்டவரும் உங்கள் மூச்சைக் காக்கட்டும். தண்ணீர் குறைந்ததா இல்லையா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். குறையாவிட்டாலும் குறைந்தது என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வில்மரின் அம்மா