ஆலைச் சக்கை தின்ற கோழிகள்

2 ஜூன் 2019, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10.
குறிப்பு எண் 1: சோதனையின் நோக்கம்

மாப்பிள்ளையின் கொட்டகையில் இன்று இறைச்சிக்கோழிக் குஞ்சுகள் மூவாயிரம் வந்திறங்கின. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் யானை விலை விற்கும் காலம் இது. இந்தத் தொகுதியும் கையைக் கடித்தால் கொட்டகையை மரச்சாமான் வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக விட்டுவிட்டு, என் மகளையும் அழைத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

ஆகவே நான் ஒரு யோசனை கூறினேன். சாராய ஆலையில் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து வடித்தபின் எஞ்சும் சக்கையை உலர்த்தி மலிவாக விற்கிறார்கள். சாராயமாகப் போவது மாவுச்சத்துதான். புரதம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு அதைச் சேர்க்கலாம். மாவு ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் சொல்வதை மாப்பிள்ளை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "பாத்துக்கலாம் மாமா" என்றார். இதற்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது.

என் மனைவி சொன்னது: "ரிட்டயர் ஆனவர் சும்மா இருக்கக் கூடாதா? பாவம், அந்தப் பிள்ளையப் போட்டு ஆட்டி வைக்கிறீங்க."

16 ஜூன், ஞாயிறு. மாலை 5.00.
எண் 2: கலவை தொடக்கம்

பிஞ்சு வயிற்றுக்கு ஆகாதென்று இரண்டு வாரம் பொறுத்தேன். சக்கை நல்ல பொன்னிறம். கருகல் வாடை இல்லை. கருகியிருந்தால் வந்த வண்டியிலேயே திருப்பியிருப்பேன், சூட்டில் புரதம் கெட்டுப்போகும். தீவனத்துக்கான உப்பை நானே நிறுத்தேன், இருமுறை.

பக்கத்துக் கொட்டகைக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன பெரியவரே, கோழிக்கு ஊத்திக் குடுக்கிறீங்களாமே! தொட்டுக்க என்ன?" சக்கையில் சாராயம் தங்குவதில்லை என்பதை முறைப்படி விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே போய்விட்டார்.

22 ஜூன், சனி. காலை 7.25.
எண் 3: ஈரம்

தரையெங்கும் ஈரம். பரப்பிய உமி கட்டி கட்டியாக ஒட்டுகிறது. எச்சம் நீராகப் போகிறது. நெடி கண்ணைக் கரிக்கிறது. இப்படியே விட்டால் காலில் புண் வரும், எடை ஏறாது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பழைய தீவனத்துக்கே மாத்திடலாம் மாமா. கிடங்குக்காரர் வேற ரெண்டு தடவ போன் பண்ணிட்டார்."

கணக்கில் தவறில்லை. எடையில் தவறில்லை. பின் எங்கே? நான் பாத்துப் பாத்துத்தானே செஞ்சேன் — இது ஏன் இப்படி ஆகணும்?

23 ஜூன், ஞாயிறு.
விடை இல்லை. காபி இருமுறை ஆறிப்போயிற்று.

24 ஜூன், திங்கள். காலை 9.40.
எண் 5: காரணம்

தண்ணீர்த் தொட்டி வழக்கத்துக்கு வெகு முன்னதாகவே காலியாகிறது. குடித்த நீர்தான் எச்சமாகித் தரையை நனைக்கிறது. கோழிகளுக்கு ஏன் இத்தனை தாகம்? சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது! அந்த நேரம் பார்த்து மனைவி வந்து நின்றாள். "வீட்டுச் சாப்பாடு பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேங்க!"

ஆலை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஆமா சார், தொட்டி கழுவ காஸ்டிக் சோடா போடுவோம். அதுல இருக்கிற சோடியம், உப்புல இருக்கிற அதே சரக்கு, கடைசியில சக்கையோடதான் சேந்து காயும். வாங்குறவங்க உப்பைக் குறைச்சுப்பாங்களே, நீங்க குறைக்கலையா?"

குறைக்கவில்லை. ஏற்கெனவே உப்பேறிய பண்டத்தில், கிராம் பிசகாமல் மேலும் உப்பிட்டிருக்கிறேன். அதையும் இருமுறை நிறுத்து!

மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "சரி மாமா, உப்பைக் குறைச்சுப் போடுங்க. ஒரு வாரம் பாப்போம். தரை காயலைன்னா நான் கிடங்கு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுடுவேன்."

1 ஜூலை, திங்கள். காலை 6.00.
காய்ந்துவிட்டது! உமியை அள்ளினால் விரலிடுக்கில் பொலபொலவென உதிர்கிறது.

11 ஜூலை, வியாழன். பிற்பகல் 2.15.
எண் 7: எடை

கோழிகளை ஏற்றிச் செல்ல வண்டி வந்தது. சராசரி எடை இரண்டு கிலோவைத் தாண்டியது. சென்ற தொகுதிக்குச் சற்றும் குறைவில்லை. தீவனச் செலவோ கண்கூடாகக் குறைந்திருக்கிறது. மாப்பிள்ளை தராசு முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். "மாமா!" என்றார். அவ்வளவுதான். இதற்குப் பொருள் எனக்குத் தெரியும்.

பக்கத்துக்காரர் இன்று வேலியைச் சுற்றி, வாசல் வழியாகவே வந்தார். "பெரியவரே, அந்தச் சக்கையில எனக்கும் ஒரு லோடு சொல்லி விடுங்க." சோடாவிலிருந்து தொடங்கி விளக்கினேன். கடைசிவரை நின்று கேட்டார். சந்தேகமும் இரண்டு கேட்டார்.

மனைவி: "நெஞ்சை நிமித்திக்கிட்டே நடக்காதீங்க, வாசப்படி தடுக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

12 ஜூலை, வெள்ளி. காலை 10.30.
எண் 8: கடிதம்

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார்: "கிடங்குக்காரருக்கு நீங்களே ஒரு லெட்டர் எழுதிடுங்க மாமா. உங்க தமிழப் படிச்சா மனுஷன் மறுபேச்சு பேச மாட்டார்." எழுதி, பிழை பார்த்து, உறையிலிட்டேன். கடிதத்துடன் அனுப்புபவை:

1. குத்தகை ஒப்பந்தம், இரண்டு படிகள். கையொப்பமிடப்படாதவை.
2. கொட்டகையை அளக்க வந்தபோது அவர் விட்டுச்சென்ற அளவு நாடா, ஒன்று.
3. கோழி, ஒன்று, உயிருடன். மனத்தாங்கல் ஏதுமிருப்பின் தீர்வதற்காக. மாப்பிள்ளை நேரில் கொண்டுசேர்ப்பார். புதுக் குஞ்சுகளுக்காகக் கொட்டகையைக் கழுவ வேண்டியிருப்பதால் உடனே திரும்பிவிடுவார்.