வலது காதில் வையுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போனில் சொன்னால் எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்பீர்கள், அதனால் எழுதுகிறேன். வேலையால் வரும் நோய்களுக்கான மருத்துவத் தேர்விலும் பாஸாகிவிட்டேன்! டாக்டர் என்ற பெயருக்குப் பின்னால் இனி இன்னொரு பட்டம்.

செய்முறைத் தேர்வில், தலைசுற்றல் என்று வந்த ஒரு நெசவாலைக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் சிரித்தபடி "சரிங்க, சரிங்க" என்றார், வலது காதை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டே. எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாற்காலியை அவர் வலப்பக்கம் இழுத்துப் போட்டு, "எத்தனை வருஷமா தறி ஓட்டுறீங்க?" என்று உரக்கக் கேட்டேன். அப்புறம்தான் மனிதர் வாய் திறந்தார்.

"காது கேக்கலன்னு அவர் சொல்லவே இல்லையே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் தேர்வாளர்.

"எங்கப்பாவும் தறி ஓட்டினவர்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். குரல் கொஞ்சம் கம்மியது. இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம், கவலைப்படாதீர்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அம்மாவிடம் நீட்டிவிடாமல் வலது காதில் வையுங்கள். பக்கத்து அறைக்காரி திட்டினாலும் நான் கத்தியே பேசுகிறேன். கேட்காவிட்டால் "சரி சரி" வேண்டாம் அப்பா, "என்ன சொன்னே?" என்று கேளுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் சொல்கிறேன்.

உங்கள் மகள்