ஒரு விரல் தயிர்

4 மார்ச் 2091, காலை 7:10
செவ்வாயைச் சுற்றும் ஆய்வகம். ஆள் ஒருத்தி, வடிவு, நான்தான். எலிகள் இருபது. கீழே குடியிருப்பில் தண்ணீரில் புகுந்த கிருமி, பிள்ளைகளின் இரைப்பையைப் புண்ணாக்குகிறது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. அந்தக் கிருமியையே எலிகளுக்கும் கொடுத்தேன். தடுப்பூசி போடாத பத்துக்கும் புண். போட்ட பத்தும் கொழுகொழுவென்று இருக்கின்றன, கிருமி அடியோடு இல்லை. எதிர்ப்பு அணுக்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. என் ஆறு வயது மகள் செவ்வந்திகூட இப்படிக் கேட்டதில்லை. தடுப்பூசி தயாரிக்கலாம் என்று கீழே சொல்லிவிட்டேன்.

5 மார்ச், பகல் 1:00
ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. பூமியில் எங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த உறைமோரில் பூசணம். இனித் தயிர் கிடையாது. மேசையை ஒட்டிய கூண்டுக்காரர்கள், ஊசி போட்ட பத்துப் பேர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு உயிர் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? தினமும் ஆளுக்கு ஒரு விரல் தயிர் கொடுத்துப் பழக்கிவிட்டேன். ஒன்பதாம் எண் பேராசைக்காரன், மற்றவர் பங்கையும் நக்குவான். தீவனம் தவிர எதுவும் கூடாது என்பது விதி. ஒரு விரல் தயிரையெல்லாம் யார் குறித்துவைப்பார்கள்!

16 மார்ச், மாலை 4:20
மேசையோரக் கூண்டில் மூன்று செத்துவிட்டன. அறுத்துப் பார்த்தேன். கிருமி இல்லை. இரைப்பைச் சுவரும் இல்லை. எதிரி போன பிறகும் எதிர்ப்பு அணுக்கள் அடங்காமல் சொந்தச் சதையையே தின்றிருக்கின்றன. தயிர் நின்று பதினோரு நாள்; அதுவரை அவற்றை அடக்கிவைத்தது தயிர்தான். ஊசி போடாத எதிர்ச்சுவர்க் கூண்டுக்கு நான் தயிர் கொடுத்ததே இல்லை.

ஊசியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கீழே மருத்துவர் என் கணவர் தளவாய்தான். அவர் பதில்: “நேத்தே பத்துப் புள்ளைகளுக்குப் போட்டாச்சு, வடிவு. செவ்வந்திக்குத்தான் மொதல்ல. நம்ம புள்ளைக்குப் போடாம ஊரான் புள்ளைக்கு எப்படிட்டி போட?”

21 மார்ச், காலை 9:00
ஒன்பதாம் எண் மட்டும் மிச்சம். அவன் புழுக்கையில் தயிரின் நுண்ணுயிர் உயிரோடு இருந்தது. சிரிக்காதீர்கள். பிரித்தெடுத்துப் பால்பொடிப் பாலில் விட்டேன். முதல் நாள் தண்ணீராகவே கிடந்தது. பம்பின் சூட்டில் வைத்தேன். உறைந்துவிட்டது. உறைந்துவிட்டது!

பத்துக் கிண்ணம் ஆளில்லாச் சரக்குக் கலத்தில் ஏற்றினேன். கீழே புழுதிப் புயல், கலத்தை இறக்க முடியாது என்கிறார்கள். செவ்வந்தி ரத்தமாக வாந்தி எடுக்கிறாளாம். தளவாய் அவள் குரலைப் போட்டுக் காட்டினார்: “அம்மா, வயிறு வலிக்கி. வந்து தடவி விடேன்.”

என்னால் போக முடியாது. என்னால் போக முடியாது.

25 மார்ச்
புயல் ஓய்ந்து கலம் இறங்கியது. தளவாய் பேசினார்: “தயிரு வந்து சேந்துட்டு. ஒம்பது புள்ளைகளுக்கும் குடுத்தாச்சு. வலி நிக்கி. எல்லாம் பொழச்சிக்கும்.”

செவ்வந்தி எங்கே என்று கேட்டேன்.

“பத்தாவது கிண்ணம் அப்படியே இருக்கு, வடிவு.”

என் மகள் நேற்றே போய்விட்டாள்.

ஒன்பதாம் எண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கொடுத்தேன். குறித்துக்கொள்கிறேன்: ஒரு விரல்.

இதைப் படிப்பவரே, எதையும் விடாமல் எழுதிவையுங்கள். ஒரு விரல்தானே என்று நான் எழுதாமல் விட்டேன்.